தண்ணீரில் மோட்டார் ஓடுமா?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம், தண்ணீரை ஊற்றி மோட்டார் வண்டியை ஓட்டலாம் என்ற பேச்சு நம் தேசத்தில் புதிதாய்ப் பிறக்கிறது. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் அதைச் சாதித்துவிட்டதாகச் செய்தி வருகிறது, படம் வருகிறது, பாராட்டுக் கூட்டம் நடக்கிறது, பிறகு அதைப் பற்றிச் சத்தமே இல்லை. இப்பொழுது அந்தப் பேச்சு செங்கற்பட்டு ஜில்லாவின் வாசலுக்கே வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் சென்னையில் கூடிய உலக முதலீட்டாளர் மகாநாட்டில், சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவப் போவதாக ஹியுண்டாய் கம்பெனி அறிவித்தது. கேளம்பாக்கத்துக்குத் தெற்கே தையூரில் உள்ள ஐ.ஐ.டி.யின் புதிய வளாகத்தில் அது அமையும் என்று 2025 இல் தெரியவந்தது. ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வருவது; ஆகவே இனித் தண்ணீரிலேயே கார் ஓடும் என்று முடிவு கட்டிவிடுவோர் பலர். அந்த முடிவில் பாதி உண்மையும் பாதி மயக்கமும் கலந்திருக்கின்றன. எது எந்தப் பாதி என்பதைப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் இதில் செலவாகப் போவது சர்க்கார் பணம், அதாவது நமது பணம்.

தையூரிலிருந்து கிழக்கே சில மைல் சென்றால் கடற்கரை வந்துவிடுகிறது. அங்கே, மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு இருக்கின்றன. முதல் ஆலை 2013 இலும் இரண்டாவது 2024 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. நாளொன்றுக்கு முதலாவது 10 கோடி லிட்டரும், இரண்டாவது 15 கோடி லிட்டரும் தரக்கூடியவை. பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏரி ஜில்லா என்று பெயர் பெற்ற செங்கற்பட்டின் கரையில், சென்னை நகரம் குடிப்பதற்காகக் கடலைப் பிழிந்து தண்ணீர் எடுக்கிறோம். ஆயிரம் லிட்டர் பிழிவதற்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை மின்சாரம் செலவாகிறது. மின்சாரத்தைக் கொடுத்துத் தண்ணீர் வாங்கும் இந்தக் கரையில் நின்றுகொண்டு, தண்ணீரைக் கொடுத்தால் சக்தி கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால், எப்படி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் எரிபொருள் அன்று. ஜலவாயு என்று முன்பு நம்மவர்கள் பெயரிட்ட ஹைட்ரஜன், பிராணவாயுவுடன் கூடி எரிந்து முடிந்தபின் மிஞ்சுவதே தண்ணீர். விறகு எரிந்து சாம்பலாவது போல, ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகிறது. சாம்பலை அடுப்பில் அள்ளிப் போட்டுச் சோறு பொங்க முடியாது. சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால், விறகு எரிந்தபோது வெளிவந்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்; நடைமுறையில் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதும் இதே கதைதான். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் செங்கற்பட்டு வழியாகத் தெற்கே சென்ற ரயில்கள் வழியில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போயின. தண்ணீர் இல்லாமல் அந்த எஞ்சின் ஓரடி நகராது. ஆனாலும் வண்டி தண்ணீரில் ஓடுகிறது என்று யாரும் சொன்னதில்லை. கரி அள்ளிப் போட்டவனுடைய கைக் காப்பு அவ்வளவு எளிதில் மறக்கக்கூடியதாக இருக்கவில்லை.

இவ்வளவு எளிய விஷயத்தில் படித்தவர்களும் ஏமாறுவார்களா என்று நேயர்கள் கேட்கலாம். ஏமாந்திருக்கிறார்கள். 1996 இல் விருதுநகர் ஜில்லா இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். தேசம் முழுவதும் அதைப் பற்றியே பேசிற்று. டில்லி வரை அவரை அழைத்துச் சென்று செய்துகாட்டச் சொன்னார்கள். மந்திரிகள் முதல் பத்திரிகைகள் வரை அவரைக் கொண்டாடியவர்கள் பலர். பாமரத் தமிழன் ஒருவன் மேல்நாட்டு எண்ணெய்க் கம்பெனிகளை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டான் என்ற பெருமிதம் அந்தக் கொண்டாட்டத்தின் உயிராக இருந்தது. விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டபோது, அவர்கள் அன்னியக் கம்பெனிகளின் ஆட்கள் என்றும் பொறாமைக்காரர்கள் என்றும் தூற்றப்பட்டார்கள். கடைசியில், கலக்கும் கோலின் உள்ளே எண்ணெயை மறைத்து மெழுகால் அடைத்திருந்தது வெளிப்பட்டது. வெந்நீரில் மெழுகு உருகினால் எண்ணெய் மேலே மிதக்கும், அவ்வளவுதான். அதன் பிறகும் அவர் 'மூலிகை எரிபொருள்' விற்றார். வாங்குவதற்கும் ஜனங்கள் இருந்தார்கள். விற்றது டொலுயீன், நாப்தா முதலியவற்றின் கலவை என்று சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அதே 1996 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில், தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயர் செய்தது மோசடியே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, இருவரிடம் வாங்கிய 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 2012 இல் பாகிஸ்தானத்தில் ஒருவர் தண்ணீர்க் கார் என்று காட்டியபோது, அந்நாட்டு மந்திரிகளே அவருக்குப் பக்கபலமாக நின்றார்கள். இன்றும் நம் கடைகளில், எஞ்சினில் பொருத்தினால் தண்ணீரைப் பிரித்து வாயு தந்து மைலேஜைக் கூட்டும் என்று சொல்லிக் கருவிகள் விற்கப்படுகின்றன. அந்தக் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? வண்டியின் டைனமோவிலிருந்து. டைனமோவைச் சுற்றுவது எது? அதே எஞ்சின். கிணற்று நீரை இறைத்துக் கிணற்றிலேயே ஊற்றுகிறவனுக்குத் தண்ணீர் கூடாது. கை வலிதான் மிச்சம். வாங்குகிறவர்களோ டீசல் விலையால் நொந்துபோன லாரிக்காரர்களும் டாக்ஸிக்காரர்களும். அவர்கள் ஏமாறுவது அறியாமையால் என்பதைவிட ஆற்றாமையால் என்று சொல்வதே பொருத்தம்.

இனி உண்மைப் பாதிக்கு வருவோம். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். அதை வண்டியில் அடைத்து, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் ஒரு மின்கலத்தில் கூட்டினால் மின்சாரம் பிறந்து சக்கரம் சுழலும். புகைக் குழாயில் நீர்த்துளிகள் மட்டுமே வெளிவரும். இதில் மோசடி ஒன்றும் இல்லை. 2022 மார்ச்சில் மத்திய மந்திரி ஸ்ரீ நிதின் கட்கரி அத்தகைய டொயோட்டா காரொன்றில் ஏறிப் பார்லிமெண்டுக்குப் போனார். அந்தக் காரைத்தான் நம்மில் பலர் தண்ணீர்க் கார் என்று நினைத்துக்கொண்டார்கள். அது தண்ணீரைக் குடிக்கும் கார் அன்று, தண்ணீரைக் கக்கும் கார். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 9 லிட்டர் தண்ணீரும், யந்திரத்தின் திறமைக்கேற்ப 50 யூனிட்டுக்குக் குறையாத மின்சாரமும் வேண்டும். அதைக் காருக்குள் அடைக்க, நாம் மூச்சு விடும் காற்றின் அழுத்தத்தைப் போல் 700 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கும் மின்சாரம் செலவு. அந்த ஒரு கிலோவில் கார் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடும். அதே 50 யூனிட்டை நேராக ஒரு பாட்டரிக் காரில் ஏற்றினால், அது 300 கிலோமீட்டர் ஓடிவிடும். நூறு பங்கு மின்சாரம் புறப்பட்டால், ஹைட்ரஜன் வழியாகச் சக்கரத்தைச் சேர்வது முப்பது பங்கு. பாட்டரி வழியாகச் சேர்வது எழுபது பங்குக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைப்பது அரிது.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இதைவிடப் பெரிது. நமது தேசத்தின் பொது மின்கம்பியில் வரும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால், நிலக்கரி எரிவதால் சராசரி 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. அந்த மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் எடுத்தால், 100 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 35 கிலோ கரியமில வாயு. சாதாரணப் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு வெளியிடுவது சுமார் 15 கிலோதான். புகைக் குழாயில் நீர்த்துளி சொட்டும்; புகை எண்ணூரிலோ நெய்வேலியிலோ எழும். இதனால்தான் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியானால் அதற்குப் பசுமைப் பெயர் கிடையாது என்று மத்திய சர்க்கார் 2023 இல் வரம்பு வகுத்தது. வரம்பு நல்லது. ஆனால் காற்றாலை மின்சாரமா, கரி மின்சாரமா என்பதை மணிக்கு மணி அளந்து பார்த்தாலொழிய அந்த வரம்பு காகிதத்தில்தான் நிற்கும்.

தண்ணீரைப் பற்றிய அச்சத்தையும் இங்கே சீர்தூக்க வேண்டும். குடிக்கவே நீரில்லாத ஜில்லாவில் ஹைட்ரஜன் ஆலைகள் ஏரிகளை உறிஞ்சிவிடும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். 2023 ஜனவரியில் மத்திய மந்திரி சபை 19,744 கோடி ரூபாயில் அனுமதித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலட்சியம், 2030 இல் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அதற்கு வேண்டிய தண்ணீர், ரசாயனக் கணக்குப்படி, ஆண்டுக்கு 4,500 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 12 கோடி லிட்டருக்குச் சற்று மேல். தேசம் முழுவதற்குமான இந்தத் தேவை, நெம்மேலியின் இரு ஆலைகள் மட்டும் தரக்கூடியதில் பாதி! சுத்திகரிப்பிலும் குளிர்விப்பதிலும் ஆகும் சேதத்தைச் சேர்த்து இரு மடங்காக்கினாலும், மலைக்க ஒன்றுமில்லை. மின்சாரத்தின் பக்கம் திரும்பினாலோ தலை சுற்றுகிறது. 50 லட்சம் டன்னுக்கு 25,000 கோடி யூனிட் வேண்டும். தமிழ்நாடு முழுவதும் ஓராண்டில் வீட்டுக்கும் வயலுக்கும் ஆலைக்கும் உபயோகிக்கும் மின்சாரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு அது. ஆகவே ஹைட்ரஜனைப் பற்றிய வழக்கில் வாதி தண்ணீர் அன்று, மின்சாரமே. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: தேசக் கணக்கில் சிறிதான தண்ணீர், ஒரே ஏரியிலிருந்தோ ஒரே கிராமத்து நிலத்தடியிலிருந்தோ எடுக்கப்பட்டால் அந்தக் கிராமத்துக்குச் சிறிதாக இராது.

சுதேசி நோக்கில் ஹைட்ரஜன் காரை ஆதரிப்பவர்களின் வாதம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு கப்பலில் வருகிறது. பாட்டரிக் கார் வந்தால் எண்ணெய்க்குப் பதிலாக லித்தியத்துக்கும் பாட்டரிக்கும் சீனாவை எதிர்பார்த்து நிற்போம். ஒரு விலங்கைக் கழற்றி இன்னொரு விலங்கைப் பூட்டிக்கொள்வோம். ஹைட்ரஜனோ நமது கடல், நமது காற்று, நமது வெயில் என்பது அவர்கள் வாதம். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் ஹைட்ரஜன் காரின் மின்கலத்துக்குப் பிளாட்டினம் வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் யந்திரங்களில் ஒரு வகைக்கு இரிடியம் வேண்டும். இரண்டும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்களிலிருந்து வருபவை. காற்று நமதாயிருந்தும் காற்றாடி பிறனுடையதாயிருந்தால் சுயராஜ்யம் எங்கே வந்தது? விலையுயர்ந்த உலோகங்கள் வேண்டாத பழைய கார முறை யந்திரங்களும் இருக்கின்றன. அவற்றை இங்கேயே வார்த்து, இங்கேயே பூட்டி, பழுதானால் இங்கேயே சீர்செய்ய முடியுமா என்பதுதான் சுதேசிப் பரீட்சை.

மேல்நாடுகளில் இந்தப் பரீட்சை எப்படி முடிந்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கலாம். கலிபோர்னியாவில் கார்களுக்கென்று வைத்திருந்த ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் கம்பெனி 2024 பிப்ரவரியில் மூடிவிட்டது. ஐரோப்பாவின் பெரிய மோட்டார்க் கம்பெனிகளுள் ஒன்றான ஸ்டெல்லான்டிஸ் 2025 ஜூலையில் தன் ஹைட்ரஜன் முயற்சியைக் கைவிட்டது. பணத்துக்கும் நிபுணர்களுக்கும் குறைவில்லாத நாடுகள் அவை. அவர்கள் கைவிட்டதை நாம் இங்கே கடன் வாங்கிக் கட்ட வேண்டுமா?

இவ்வளவும் சொன்னதால் ஹைட்ரஜனே வேண்டாம் என்பது நமது கட்சி என்று யாரும் கொள்ள வேண்டாம். நேர்மாறு. இந்தியா இன்றைக்கே ஆண்டுக்கு ஐம்பது, அறுபது லட்சம் டன் ஹைட்ரஜனை உபயோகிக்கிறது. அதைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கிறது. அந்த வாயுவிலும் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அந்த ஹைட்ரஜன் போகும் இடங்கள் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளும் உரத் தொழிற்சாலைகளும். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடியானவன் வயலில் இடும் யூரியாவிலும் அது இருக்கிறது. அங்கே பாட்டரி உதவாது; ஹைட்ரஜன்தான் வேண்டும். மணலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள உர ஆலைகளுக்குக் காற்றாலை ஹைட்ரஜன் கிடைக்குமானால், அன்னிய வாயுவுக்குப் போகும் பணம் மிஞ்சும். ஆனி, ஆடியில் காற்று மிகுந்து, கம்பியில் ஏற்ற இடமின்றிக் காற்றாலைகளை நிறுத்திவைக்கும் நாட்களில் வீணாகும் மின்சாரத்துக்கும் ஓர் உபயோகம் ஏற்படும். காரில் போவோருக்கு வேறு வழிகள் உண்டு. உரத்துக்கு வேறு வழி இல்லை.

தூத்துக்குடி என்றதும் ஒரு நினைவு எழுகிறது. 2025 செப்டம்பரில் அங்கே வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தில், 3 கோடியே 87 லட்சம் ரூபாய் செலவில் சிறியதொரு ஹைட்ரஜன் ஆலை திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்சார வண்டிகளை ஏற்றும் நிலையத்துக்கும் அது உதவுமாம். அடக்கமான ஆரம்பம். அந்தப் பெயருக்கு உரியவர் 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, பங்குகள் சேர்க்க ஊர் ஊராய் அலைந்தார். கப்பலுக்கு விலை கொடுத்தார். கரிக்கும் விலை கொடுத்தார். கடலில் விடும் கப்பலாகையால் கடல் நீரிலேயே ஓடிவிடும் என்று பங்குதாரர்களிடம் அவர் சொல்லவில்லை. அவருடைய பெயர் தாங்கிய துறைமுகத்திலிருந்து எழும் முயற்சிக்கு நாமும் அந்தக் கணக்கு நாணயத்தையே எதிர்பார்க்கிறோம்.

மத்திய சர்க்கார் 2025 மார்ச்சில் 208 கோடி ரூபாய் உதவியுடன் ஐந்து சோதனைத் திட்டங்களுக்கு அனுமதி அளித்தது. அவற்றில் ஓடுபவை 37 பஸ்களும் லாரிகளும். குறிக்கப்பட்ட பாதைகள் பத்து. பத்தில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. இதைக் கண்டு வழக்கம்போல் 'வடக்கு வாழ்கிறது' என்று கூக்குரல் எழுப்புவது எளிது. நமக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை. 37 வண்டிகளும் ஓடித் தேயட்டும். நெடுந்தூரம் பாரம் சுமக்கும் லாரிகளுக்கு ஹைட்ரஜன் கட்டுபடியாகிறதா என்ற கணக்கு வெளியாகட்டும். அந்தக் கணக்கு பிறர் செலவில் நமக்குக் கிடைத்தால் லாபமே. ஆனால் அந்த 37 வண்டிகளும் கார்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்காரின் சொந்த நிபுணர்களே பணத்தைக் காரில் போடவில்லை.

செங்கற்பட்டு ஜில்லாவுக்கு இது வெறும் விஞ்ஞான விவகாரம் அன்று, பிழைப்பு விவகாரம். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022 இல் உற்பத்தியை நிறுத்தியபோது எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன என்பதை இந்த ஜில்லா மறக்கவில்லை. அந்த ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் எஞ்சின்கள் செய்வதாக 2025 அக்டோபரில் ஒப்பந்தமாயிற்று. எஞ்சினா, பாட்டரியா, ஹைட்ரஜன் கலமா என்பதைப் பொறுத்து எத்தனை பேருக்கு வேலை, எந்தத் தொழில் கற்றவருக்கு வேலை என்பது மாறும். வரப்போவது தண்ணீர்க் கார் என்று எண்ணி ஐ.டி.ஐ.யில் பையனைச் சேர்க்கும் தகப்பனுக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லும் கடமை சர்க்காருக்கும் கம்பெனிகளுக்கும் உண்டு.

தையூர் நிலையம் வரட்டும், வரவேற்போம். ஆராய்ச்சிக்குச் செலவிடும் 180 கோடி நஷ்டமன்று. ஆனால் ஒன்றை அது முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும். எடுத்த ஹைட்ரஜன் எவ்வளவு, அதற்கு ஆன மின்சாரம் எவ்வளவு, அது காற்றாலையினதா கரியினதா, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை மாதந்தோறும் தமிழில் பிரசுரிக்க வேண்டும். கம்பெனி ரகசியம் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. நாம் கேட்பது யந்திரத்தின் உள் அமைப்பை அன்று, மீட்டர் காட்டும் எண்ணை. ராமர் பிள்ளையின் பானையருகே 1996 இலேயே ஒரு தராசு வைத்திருந்தால், இருபது ஆண்டு வழக்கு மிச்சமாகியிருக்கும்.

சட்டசபையில் செங்கற்பட்டையும் திருப்போரூரையும் சேர்ந்த அங்கத்தினர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டுச் சர்க்கார் ஹைட்ரஜனுக்கு அளிக்கும் சலுகைகளில் உரத்துக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும்படி அவர்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் நெம்மேலியை அடுத்த சூலேரிக்காட்டுக்குப்பத்துக்கு ஒரு முறை போய்வருவது நல்லது. குடிநீர் ஆலை வந்த பிறகு கரை அரிப்பதாகவும் வலை விரிக்க இடம் குறைந்ததாகவும் அந்த ஊர் மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். இந்தக் கரையில் இன்னொரு ஆலை, ஹைட்ரஜனுக்காகவோ வேறெதற்காகவோ, கடல் நீரை இழுக்க வருமானால், திட்டத்தின் நகல் முதலில் போய்ச் சேர வேண்டிய விலாசம் அந்தக் குப்பம்.